உலகறிந்த ஆட்டமும் ஊரறிந்த கழகமும்

விளையாட்டைப் பார்ப்போரை இரு வகையினராகப் பிரிக்கலாம். சிறந்த ஆட்டத்தைப் பார்க்க விரும்புவோர் ஒரு வகையினர். தம்முடைய ஆட்டத்தைப் பார்க்க விரும்புவோர் மற்றொரு வகையினர். இவ்விரு வகையினரும் ஒரே கூரையின் கீழ், அதுவும் தந்தையும் மகனுமாக வாழ நேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? 2024 ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், இலண்டன் மாநகரிலே என் இளைய சகோதரனின் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அப்போது இவ்வினாவுக்கு விடை காணும் பொறுப்பு எதிர்பாராத விதமாக என் தலையில் வந்து விழுந்தது.

சகோதரன் வாழ்வது தென் இலண்டனிலே, நம்மவர் செறிந்து வாழும் ரூட்டிங் பகுதியில். அவன் உலகப் புகழ் பெற்ற ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் தீவிர அபிமானி. அதன் ஆட்டங்களைத் தொலைக்காட்சியிற் பார்ப்பதற்காக மாதந்தோறும் கணிசமான தொகை செலுத்தி வருகின்றான். பதினைந்து வயது நிரம்பிய அவனுடைய மகனோ, வீட்டிலிருந்து இரண்டு மைல் தொலைவிலுள்ள சிறிய கழகமொன்றின் மைதானத்துக்கு ஒன்றுவிட்ட சனிக்கிழமைதோறும் நடந்தே போய்விடுகின்றான். அக்கழகத்தின் பெயரை இங்கே சொல்வதாற் பயனில்லை. அந்நகரத்திலேயே அதனை அறிந்தோர் சிலர்தாம்.

“அண்ணை, உலகத்திலேயே திறமான ஆட்டம் நடக்கிற நாட்டில் இருந்துகொண்டு, தச்சனும் தபாற்காரனும் உதைக்கிற பந்தைப் பார்க்கப் போறான் இவன். நீங்களாவது புத்தி சொல்லுங்கோ” என்றான் சகோதரன்.

மகன் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “அப்பா பார்க்காவிட்டாலும் அப்பாவின்ரை ஆட்டம் நடக்கும், பெரியப்பா. நான் போகாவிட்டால் அங்கே ஒரு ஆள் குறைவு” என்றான்.

வழக்கு இவ்வளவுதான். நீதிபதியாக அமர்த்தப்பட்ட நான் இரு கட்சியாரையும் விசாரிக்கலானேன்.

பெயரிலேயே ஒரு மறுப்பு

இங்கிலாந்தின் உதைபந்தாட்ட அமைப்பு நம் கோயிற் கோபுரத்தை ஒத்தது. உச்சியிலே கலசம் போன்று விளங்குவது 1992 இல் உருவான பிறிமியர் லீக். அதில் உள்ளவை 20 கழகங்கள். அதற்குக் கீழே, பிரிவு ஒன்றுக்கு 24 ஆக மூன்று பிரிவுகளில் 72 கழகங்கள். இந்த 92 கழகங்களே லீக் கழகங்கள் எனப்படுவன. இவற்றின் கீழே, படிப்படியாக அகன்று செல்லும் கோபுரத்தின் அடித்தளம்போல, ஊர்தோறும் பட்டினந்தோறும் பரந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான கழகங்களை ஆங்கிலேயர் ‘லீக் அல்லாதவை’ என்று அழைக்கின்றனர். உண்மையில் அவையும் பற்பல லீக்குகளிற் சேர்ந்து ஒழுங்காக ஆடுபவையே. ஆனால் 1888 ஆம் ஆண்டு 12 கழகங்கள் ஒன்றுகூடி ‘உதைபந்தாட்ட லீக்’ என்னும் அமைப்பை நிறுவிய காலந்தொட்டு, அதற்கு வெளியே நின்றவர்களுக்கு ‘அல்லாதவர்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. தாம் இன்னது என்பதாலன்றி, இன்னது அல்லோம் என்பதாற் பெயர் பெற்றவை அவை.

நெடுங்காலம் அந்த வாசற்கதவும் உள்ளிருந்து பூட்டப்பட்டே கிடந்தது. உள்ளே இருந்த கழகங்கள் வாக்களித்தாலன்றிப் புதியதொன்று நுழைய இயலாது. 1987 ஆம் ஆண்டிலேதான் வெளியே ஐந்தாம் படியில் முதலிடம் பெறும் கழகம் தானாகவே உள்ளே வரலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், ஏட்டளவிலேனும், ஊர்ப் புறத்துப் புல்வெளியிலிருந்து உச்சிக் கலசம் வரை தொடர்ந்து செல்லும் ஏணி ஒன்று உண்டு.

தந்தையின் கட்சி

சகோதரனுடைய கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். அவனோடு அமர்ந்து இரண்டு ஆட்டங்கள் பார்த்தேன். எல்லாக் கண்டங்களிலிருந்தும் தெரிந்தெடுக்கப்பட்ட வீரர்கள்; நாற்பது யார் தூரத்திலிருந்து வரும் பந்தை, குழந்தையைக் கையில் ஏந்துவதுபோலப் பாதத்தில் ஏந்தும் இலாவகம்; ஒருவன் ஓடப்போகும் இடத்தை அவன் ஓடுமுன்பே மற்றவன் அறிந்து பந்தை அனுப்பும் நுட்பம். இவற்றைக் கண்டு வியவாதிருத்தல் அரிது. நல்ல நாதஸ்வர வித்துவானைக் கேட்கும் வாய்ப்பிருக்க, பயிலும் சிறுவனின் வாசிப்பையே கேட்பேன் என்பவனை நாம் இரசிகன் என்று கொள்வோமா? கற்பித்தலைத் தொழிலாகக் கொண்ட நான் தேர்ச்சியைப் பழித்துப் பேச மாட்டேன்.

அந்தத் தேர்ச்சிக்குப் பின்னால் நிற்கும் பணமும் சாமானியமானதன்று. 2025 முதல் 2029 வரையான நான்கு பருவங்களுக்கு, பிரித்தானியாவில் மட்டும் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமைக்காகப் பிறிமியர் லீக்குக்குக் கிடைப்பது 670 கோடி பவுண். அப்பணமே உலகின் சிறந்த கால்களை அங்கே கொண்டுவந்து சேர்க்கின்றது.

சகோதரன் அபிமானியானதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதனை ஓர் இரவு, மகன் உறங்கிய பின்னர்தான் சொன்னான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தனியனாக அந்நாட்டுக்குச் சென்று, எரிபொருள் நிலையமொன்றில் இரவு வேலை பார்த்த காலத்தில், உடன் வேலை செய்தவர்களோடு பேசுவதற்கு அவனிடம் ஒரு விடயமும் இருக்கவில்லையாம். ஒருநாள் அந்தக் கழகத்தின் பெயரைச் சொன்னானாம். அன்று தொடங்கியது பேச்சு. “அந்தக் கழகந்தான் அண்ணை எனக்கு இந்த நாட்டில் முதல் வாய் திறந்து தந்தது” என்றான். தொலைவிலுள்ள கழகத்தை நேசிப்பவன் வெறும் வேடிக்கை பார்ப்பவன் என்று எளிதாகத் தீர்ப்புக் கூற எண்ணியிருந்த நான், அதன்பின் சற்றுத் தயங்கினேன்.

மகனின் கட்சி

அடுத்த சனிக்கிழமை மகனோடு போனேன். வாயிலிலே நுழைவுச் சீட்டு விற்றவர் இளைப்பாறிய முதியவர் ஒருவர். பையனைப் பெயர் சொல்லி அழைத்து, என்னையும் வணங்கி வரவேற்றார். தகரக் கூரையிட்ட சிறிய மண்டபம், இடுப்பளவு உயரத்தில் மைதானத்தைச் சுற்றி ஓர் இரும்பு வேலி, மூலையிலே ஒரு தேநீர்க் கொட்டில். கூடியிருந்தோர் முந்நூறு பேருக்கு உட்பட்டோரே. பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது; நான்கு மணியளவில் அந்நாட்டு மார்கழிச் சூரியன் மறைய, விளக்குகள் எரியலாயின.

ஆட்டக்காரர் யாவரும் பகுதி நேரத்தினர். ஒருவர் மின்சாரத் தொழிலாளர், ஒருவர் சாரதி, ஒருவர் பாடசாலையில் உடற்பயிற்சி ஆசிரியர். வாரத்தில் இரண்டு மாலை, வேலை முடிந்த பின்னர் பயிற்சி. சீட்டு விற்பவர், புல் வெட்டுபவர், தேநீர் ஊற்றுபவர் எல்லோரும் ஊதியமின்றித் தொண்டு செய்பவர்கள். என் பெறாமகனுக்கும் ஒரு கடமை உண்டு: ஆட்டம் முடிந்ததும் மூலைக் கொடிகளைப் பிடுங்கி அறையிலே வைப்பது. ‘ஒரு ஆள் குறைவு’ என்று அவன் சொன்னதன் பொருள் அப்போதே எனக்கு விளங்கிற்று.

ஆட்டத்தின் தரத்தை மறைக்கப் போவதில்லை. நம் கல்லூரி மாணவரே நாணக்கூடிய உதைகள் சிலவற்றையும் கண்டேன். ஒருமுறை பந்து மதிலைத் தாண்டி அயல் வீட்டுத் தோட்டத்தில் விழ, மற்றொரு பந்து வரும்வரை இருபத்திரண்டு பேரும் இடுப்பிற் கைவைத்து நின்றனர். ஆயினும் தொலைக்காட்சியில் என்றும் அறியாத சில அங்கே இருந்தன. வீரன் மூச்சு வாங்கும் ஒலி கேட்டது. வேலியோரத்தில் நின்றவர் சொன்ன குறைக்குப் பின்காவலர் திரும்பிப் பதிலும் சொன்னார். இடைவேளையின்போது பார்வையாளர் பலர், தம் அணி அடுத்துத் தாக்கப்போகும் பக்கத்துக்கு மைதானத்தைச் சுற்றி நடந்து சென்றனர். இது அச்சிறு கழகங்களிலே நெடுநாள் வழக்கமாம்.

அன்று அவர்கள் மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றனர். மூன்று கோல்களையும் விட்டுக்கொடுத்த பந்துக் காப்பாளர், சேறு படிந்த கையுறையைக் கழற்றியவாறே வேலியருகில் வந்து, பெறாமகனைப் பார்த்து, “உன் பரீட்சை எப்போது?” என்று விசாரித்தார்.

பறிபோன கழகமும் பிறந்த கழகமும்

இவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு, இதில் என்ன இருக்கின்றது என்று வாசகர் கேட்கலாம். அதற்கு விடை என் சகோதரன் வீட்டுக்கு அண்மையிலேயே இருந்தது.

விம்பிள்டன் என்றதும் நம் நினைவுக்கு வருவது டென்னிஸ். ஆனால் அவ்வூருக்கு 1889 இல் தொடங்கிய ஓர் உதைபந்தாட்டக் கழகமும் இருந்தது. நெடுங்காலம் ‘லீக் அல்லாத’ கழகமாகவே இருந்து, 1977 இல் வாக்கெடுப்பின் மூலம் லீக்கினுள் நுழைந்து, ஒன்பதே ஆண்டில் முதற் பிரிவை எட்டி, 1988 மே 14 இல் எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் பலம் வாய்ந்த லிவர்பூலை ஒன்றுக்குப் பூச்சியம் என வென்றது. ஆனால் 1991 இல் பிளவ் லேன் என்னும் தன் சொந்த மைதானத்தை விட்டு வெளியேறி, பிறர் மைதானத்திற் குடியிருக்கத் தொடங்கியது. உரிமையாளர்களோ கழகத்தையே ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குப் பெயர்த்துச் செல்ல விரும்பினர். 2002 மே 28 இல் மூவர் கொண்ட ஆணைக்குழு, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால் அதற்கு அனுமதியும் அளித்தது. கடையைப் பெயர்ப்பதுபோல ஓர் ஊரின் கழகத்தைப் பெயர்த்துவிட்டனர்.

ஆதரவாளர்கள் அழுதுவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடவில்லை. சில வாரங்களுக்குள் ‘ஏ.எப்.சி. விம்பிள்டன்’ என்ற புதிய கழகத்தைத் தாமே தொடங்கினர். பொதுவெளி ஒன்றில் தேர்வு நடத்தி, வந்த 230 பேரிலிருந்து ஆட்டக்காரரைத் தெரிந்தனர். 2002 ஜூலை 10 இல் சட்டன் யுனைட்டெட் கழகத்தோடு நடந்த முதல் சிநேகபூர்வ ஆட்டத்தில் நான்குக்குப் பூச்சியம் எனத் தோற்றனர். அதனைப் பார்க்க வந்தோர் 4,657 பேர்! மிகத் தாழ்ந்த படிகளுள் ஒன்றிலிருந்து தொடங்கி, இடையே 78 லீக் ஆட்டங்களிலே தொடர்ந்து தோல்வி காணாது, ஒன்பது பருவங்களில் ஐந்து முறை உயர்ந்து, 2011 இல் தண்ட உதைகளால் லூட்டன் அணியை வென்று மீண்டும் லீக்கினுள் நுழைந்தனர். 2020 கார்த்திகையில், பழைய மைதானத்துக்கு மிக அண்மையில் அதே பிளவ் லேனிலே புதிய மைதானம் அமைத்துத் திரும்பினர். பெருந்தொற்றுக் காலமாதலால், அந்த முதல் ஆட்டம் பார்வையாளர் இன்றியே நடந்தது. கழகம் இன்றும் ஆதரவாளர் கையிலேயே இருக்கின்றது.

அக்கழகமும் முற்றிலும் குறையற்றதன்று. இடையே அது குடியிருந்த கிங்ஸ்மெடோ மைதானம், முன்னர் கிங்ஸ்டோனியன் என்ற சிறு கழகத்தின் இல்லமாக இருந்தது. விம்பிள்டன் அதனைச் செல்சி கழகத்துக்கு விற்றபோது, அச்சிறு கழகம் 2017 இல் வீடற்றதாயிற்று. வீட்டை இழந்த துயரை அறிந்தவர்களாலும் பிறர் வீட்டை இழக்க நேரும் என்பது, விளையாட்டுக்கு மட்டும் உரிய பாடமன்று.

ஆசிரியர் ஒருவரின் வெற்றி

சிறியோர் பெரியோரைச் சந்திக்கும் களம் ஒன்று அந்நாட்டில் உண்டு. அதுவே 1871 இல் தொடங்கிய எப்.ஏ. கிண்ணப் போட்டி. 1989 ஜனவரி 7 இல், மேலே குறிப்பிட்ட சட்டன் யுனைட்டெட் கழகம் முதற் பிரிவைச் சேர்ந்த கொவென்ரி அணியை இரண்டுக்கு ஒன்று என வென்றது. கொவென்ரி அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்திலேயே, 1987 இல், அக்கிண்ணத்தை வென்ற அணி. சட்டனின் வெற்றிக் கோலை அடித்த மத்தியூ ஹன்லன் செங்கல் அடுக்கும் தொழிலாளர். முகாமையாளர் பரி வில்லியம்ஸ் ஓர் ஆங்கில ஆசிரியர் என்பதை அறிந்தபோது, அதே தொழிலைச் சார்ந்த எனக்கும் மார்பு சற்று விம்மியது. அடுத்த சுற்றில் நோர்விச் அணியிடம் எட்டுக்குப் பூச்சியம் எனத் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அக்கிண்ணம் சிறியோருக்குப் புகழ் மட்டுமன்றி வாழ்வும் அளித்ததுண்டு. லீக்கிலிருந்து வீழ்ந்து கடனில் மூழ்கியிருந்த எக்செட்டர் கழகம் 2005 ஜனவரியில் மன்செஸ்டர் யுனைட்டெட்டின் மைதானத்திலேயே கோலின்றிச் சமநிலை கண்டது. அதனாற் கிடைத்த மறு ஆட்டத்தின் வருவாய் கடன் தீரப் பேருதவியாயிற்று. ஆனால் 2024 இல் தொடங்கிய பருவத்திலிருந்து, முதன்மைச் சுற்றுக்களில் அத்தகைய மறு ஆட்டங்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. பெரிய கழகங்களின் நாட்காட்டியில் இடமில்லையாம்.

புகழும் வரலாறும் ஒரு கழகத்தைக் காப்பாற்றிவிடும் என்று எண்ணுதலும் தவறு. 1900 இலும் 1903 இலும் எப்.ஏ. கிண்ணத்தை வென்ற பெரி கழகம், 1894 முதல் 125 ஆண்டுகள் லீக்கில் இருந்தது. பண நெருக்கடி காரணமாக 2019 ஓகஸ்ட் 27 இல் அது வெளியேற்றப்பட்டது. அந்த ஊரவர் பின்னர் அடித்தளத்திலிருந்து தொடங்கி, 2023 இல் தம் பழைய மைதானத்திலே மீண்டும் ஆடத் தொடங்கினர். உலகம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கழகம் செழிக்கலாம். வீழ்ந்த பின்னர் அதனைத் தூக்கி நிறுத்துவதற்கு ஊரே வரவேண்டியிருக்கின்றது.

தீர்ப்பு

நிற்க, வழக்குக்கு வருவோம். அந்நாட்டிலே ஒரு பழைய விதி உண்டு. சனிக்கிழமைகளிற் பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்த உதைபந்தாட்டத்தையும் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டலாகாது. மக்கள் வீட்டிலிருந்து பெரிய ஆட்டத்தைப் பார்த்தால் சிறிய மைதானங்கள் வெறுமையாகிவிடும் என்ற கவலையால், 1960 களிலே ஏற்பட்ட ஏற்பாடு அது. இதனைச் சகோதரனுக்கு நினைவூட்டி, “மூன்று மணிக்கு நீ வீட்டில் இருந்து பார்ப்பதற்குத்தான் ஒன்றுமில்லையே” என்றேன். அவன் சிரித்தான். ஐந்தரை மணி ஆட்டத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, நான் புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை எங்களோடு வந்தான்.

வந்தவன் ஆட்டம் முழுவதும் குறையே சொல்லிக்கொண்டிருந்தான். குறைகள் அனைத்தும் உண்மையே. இடைவேளையிலே தேநீர்க் கொட்டிலில் நின்ற அம்மையார் அவனை உற்றுப் பார்த்துவிட்டு, “இவனுடைய தந்தை நீங்கள்தானா? உங்களை இவ்வளவு காலமும் காணவில்லையே” என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை, உபசாரமாகவே சொன்னார். ஆனால் சகோதரன் அதன்பின் அதிகம் பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும் நான்கு கொடிகளுள் இரண்டை அவனே பிடுங்கி வந்தான். ஐந்தரை மணி ஆட்டத்தின் முதற் பத்து நிமிடங்கள் அன்று தவறிப்போயின.

நான் அளித்த தீர்ப்பு இதுதான். தேர்ச்சியைக் கண்டு வியத்தல் கண்ணுக்கு விருந்து. அதனை மகன் இகழலாகாது. அருகிலுள்ளதைத் தாங்கி நிற்றல் ஒரு கடமை. அதனைத் தந்தை எள்ளலாகாது. விருந்து ஒருநாள் தவறினால் உலகம் முழுகிவிடாது. கடமை தவறினால், யாரோ ஒருவருடைய வேலியோரத்தில் ஒரு ஆள் குறைவு.

பிறருக்குத் தீர்ப்புக் கூறுதல் எளிது. யாழ்ப்பாணம் திரும்பிய பின்னர் என்னையே விசாரித்துப் பார்த்தேன். என் வகுப்பு மாணவர் பலர் இங்கிலாந்துக் கழகங்களின் ஆட்டக்காரர் பெயர்களை மனப்பாடமாக ஒப்புவிப்பர். தம் கல்லூரி அணியின் பந்துக் காப்பாளன் யார் என்று கேட்டால் விழிப்பர். அவர்களைக் கடிந்துகொள்ளும் நானோ, கல்லூரி மைதானத்தின் ஓரத்தில் நின்று ஓர் ஆட்டம் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விடைத்தாள் திருத்த வேண்டும், பிரத்தியேக வகுப்பு உண்டு என்று எப்போதும் ஒரு காரணம் இருந்தது.

அதனால் ஒருநாட் பிற்பகல் போய் நின்றேன். பதினேழு வயதுக்குட்பட்டோர் ஆட்டம். வெயில் கடுமையாக இருந்தது. பார்வையாளரை எண்ணினேன்: முப்பத்தேழு பேர், என்னோடு முப்பத்தெட்டு. நம் பிள்ளைகள் இரண்டுக்குப் பூச்சியம் எனத் தோற்றார்கள். மறுநாட் காலை வகுப்புக்குப் போகும் வழியில், விறாந்தையிலே பந்துக் காப்பாளன் என்னை மறித்தான்.

“சேர், நேற்று நீங்கள் வந்து நிண்டதைக் கண்டனாங்கள்” என்றான்.

தோற்றதைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.